காந்தம் இல்லாமல் 20 சுற்று: டயர் தேய்த்த கதை

நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு என் போர்ஷே 956 ஸ்லாட் கார் (டிராக்கில் இருக்கும் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தில் ஓடும் சின்ன மாடல் கார்), காந்தம் இல்லாமல், தொடர்ந்து 20 சுற்று அந்தப் பள்ளத்தை விட்டு ஒருமுறைகூடப் பாயாமல் ஓடி முடித்தது. சுற்றுக்குச் சராசரி 5.6 விநாடி. காரின் அடியில் இருக்கும் காந்தம்தான் அதை டிராக்கின் இரும்புத் தண்டவாளத்தோடு இழுத்துப் பிடிக்கும், அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவதுதான் சவால். மூன்று மாதமாக இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன், அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

டிராக் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கம்பெனியின் பழைய துண்டுகள்தான், ஒரு சுற்று ஏறக்குறைய 11 மீட்டர், வளைவுகள் பெரும்பாலும் ஆர்2, கடைசியில் ஒரே ஓர் ஆர்1 (அதைவிடக் குறுகிய வளைவு). மலேசியாவில், சுங்கை சிப்புட் வீட்டின் பின்னறையில், 12க்கு 4 அடி பிளைவுட் மேல் நிரந்தரமாகப் போட்டிருக்கிறேன். கார் ஸ்லாட்.இட் கம்பெனி செய்த 1:32 அளவு மாடல். குரூப் சி என்ற நீண்டதூரப் பந்தய வகைக் காரை எடுத்ததற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை (1982 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்தையும் பிடித்த கார், பாசமும் உண்டுதான்). பாடி தாழ்வு, அகலம் நிறைய, கைடு (பள்ளத்துக்குள் இறங்கி காரை வழிநடத்தும் துண்டு) நன்றாக முன்னால் தள்ளி இருக்கிறது. காந்தத்தை எடுத்துவிட்டு ஓட்டுவதாக இருந்தால் இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். என்னிடம் உயரமான ராலி கார் ஒன்றும் இருக்கிறது, பார்க்க அழகு, ஆனால் காந்தத்தைக் கழற்றிய அன்றே வளைவில் உருண்டுவிட்டது.

காந்தத்தோடு இதே போர்ஷே 4.3 விநாடியில் சுற்றும். ஆனால் அது ஓட்டுவது இல்லை, விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது. பின்பக்கம் வழுக்கி, கையை லேசாகத் தளர்த்தி, வளைவு முடியும்போது மறுபடி கொடுக்கிற அந்தச் சுகம் வேண்டும் என்றால் காந்தம் போக வேண்டும். கழற்றினேன். முதல் நாள் 6.8 விநாடி, அதுவும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கார் தரையில். நேர்ப்பாதையில்கூடப் பின்பக்கம் தடதடவென்று குதித்தது. மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், பினியனை (மோட்டாரின் சின்னப் பல்சக்கரம்) சந்தேகப்பட்டேன், தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பிரெய்டை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் டயர். காந்தம் அழுத்திப் பிடித்திருந்தவரை டயர் வட்டமாக இல்லாதது தெரியவே இல்லை.

டயரை வட்டமாகத் தேய்ப்பது எப்படி என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பசை போட்டு ரிம்மில் ஒட்டு, கைடில் மின்சாரம் கொடு, பின்சக்கரத்தை மணல்தாள் மேல் ஓட விடு. சொல்ல இவ்வளவுதான். செய்யும்போது நான் மூன்று ஜோடி டயரைக் குப்பையில் போட்டேன்.

முதல் ஜோடி கையழுத்தத்தில் போனது. காரை வலது கையால் பிடித்து அழுத்தியதில் ஒரு பக்கம் கூம்பு மாதிரி சாய்வாகத் தேய்ந்தது. இரண்டாவது ஜோடிக்கு 9 வோல்ட் கொடுத்தேன், சீக்கிரம் முடியட்டும் என்று. ரப்பர் சூடேறி பிசுபிசுத்து, தாளில் அப்பி, டயரில் சின்னச் சின்னதாகப் பிய்ந்தது. மூன்றாவது ஜோடியில் எல்லாம் ஒழுங்காகச் செய்தும் துள்ளல் போகவில்லை. ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைக் கண்டுபிடித்தவர் அப்பா. தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் பால்மரம் வெட்டியவர். இப்போது அந்தத் தோட்டம் முழுக்கச் செம்பனை, ஆனால் விரல்கள் அதே விரல்கள். டயரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக உருட்டிவிட்டு, "இந்த எடத்துல கல்லு மாதிரி இருக்குப்பா" என்றார். சூப்பர் குளூ. ஒரு சொட்டு கூடப் போய் அந்த இடத்தில் மட்டும் ரப்பரை இறுக்கியிருக்கிறது. சுற்றிலும் இருக்கிற மெத்தென்ற ரப்பர் தேய்கிறது, அந்த இடம் மட்டும் மேடாக நிற்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் அந்த மேடு போகாது. நாலாவது ஜோடிக்கு காண்டாக்ட் குளூவை ரிம்மில் மெல்லிய பூச்சாகத் தடவி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டேன்.

அப்பா அதோடு விடவில்லை. நான் தேய்க்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பால் வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டுகிற மாதிரிதான் இதுவும் என்பது அவர் கணக்கு. "தண்ணி விடு. அழுத்தாத. அதோட வெயிட்டே போதும்." சொன்னபடியே செய்தேன். பிளைவுட் நேராக இருக்காது என்பதால் தரைக்குப் போடும் டைல் ஒன்றில் தாளை ஒட்டினேன். முன்சக்கரம் வெறும் டைல் மேல், பின்சக்கரம் மட்டும் தாள் மேல், கார் முன்னால் ஓடாமல் இருக்க மூக்குக்கு எதிரே ஒரு மரக்கட்டை. கை படவே இல்லை. 4 வோல்ட், பத்து விநாடி ஓட்டு, அரை நிமிடம் ஆறவிடு, ஒரு சொட்டுத் தண்ணீர். 240 எண் மணல்தாளில் தொடங்கி 400, 600, கடைசியில் 800 (எண் கூடக் கூடத் தாள் மென்மை). டயரின் குறுக்கே வெள்ளை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் எங்கே மை அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம் என்று உடனே தெரிந்துவிடும். கோடு முழுக்க ஒரே நேரத்தில் அழியும்வரை விடக்கூடாது. இரண்டு பக்கமும் 19.6 மில்லிமீட்டர், கேலிப்பரில் வைத்துப் பார்த்து அப்பாவிடம் காட்டினேன். அவர் கேலிப்பரைப் பார்க்கவில்லை, டயரை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மணல்தாளைப் பொழுதுபோக்குக் கடையில் வாங்காதீர்கள். ஈப்போவில் ஒரு கடையில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பாக்கெட் போட்டு விற்றதை வாங்கினேன், இரண்டாவது சொட்டுத் தண்ணீரிலேயே மணல் உதிர்ந்துவிட்டது. நம் ஊர் ஹார்ட்வேர் கடையில் கார் பெயிண்ட் அடிப்பவர்கள் வாங்கும் கறுப்புத் தாள் கிடைக்கிறது, அதுதான் தண்ணீரில் நிற்கும். டயர், கியர் எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து 500 ரிங்கிட்டுக்குள் இருக்கும் இறக்குமதிப் பொருளுக்கும் 10 விழுக்காடு வரி உண்டு, தபால் செலவு வேறு. ஒரு ஜோடி டயருக்காக ஆர்டர் போட்டால் கட்டாது. நான் இப்போது நான்கு ஜோடி, இரண்டு செட் பிரெய்டு, ஒரு கைடு என்று சேர்த்துத்தான் போடுகிறேன்.

மற்ற வேலைகள் சுருக்கமாக. பாடி ஸ்குரூக்களை முழுக்க இறுக்கிவிட்டு முக்கால் திருப்பு தளர்த்தினேன், பாடி லேசாக ஆட வேண்டும், அப்போதுதான் வளைவில் அதிர்வு சேசிக்கு (அடிச்சட்டத்துக்கு) போகாது. முன்டயரில் தங்கச்சியின் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு கோட், முன்சக்கரம் பிடிக்காமல் வழுக்கினால்தான் கைடு தன் வேலையைச் செய்யும். கைடுக்குப் பின்னால் ஈயம் 3 கிராம். 5 கிராம் வைத்தும் பார்த்தேன், மந்தமாகிவிட்டது.

தண்டவாளத் துருதான் இன்னும் தீராத தலைவலி. இங்கே மழை வந்தால் பின்னறைச் சுவரே வியர்க்கிறது. மூன்று நாள் ஓட்டாமல் விட்டால் போதும், மூலை வளைவில் பழுப்பு ஏறிவிடும். பச்சை ஸ்க்ரப்பரால் மெதுவாகத் தேய்த்து ஆல்கஹால் துணியால் துடைக்கிறேன், வாரம் இரண்டு முறை. பேசாமல் மரத்தில் பள்ளம் வெட்டி, செம்பு டேப் ஒட்டி, சொந்தமாக டிராக் செய்துவிடலாமா என்ற யோசனை வந்துவிட்டது. காந்தம் இல்லை என்றால் இரும்புத் தண்டவாளம் எதற்கு? ரவுட்டர் மெஷின் தச்சு வேலை செய்யும் மாமாவிடம் இருக்கிறது, தீபாவளிக்கு வரும்போது கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால் இரண்டாவது லேன் கண்ட்ரோலருக்கு வயர் பாதிதான் போட்டிருக்கிறேன். இரண்டாவது காரும் இன்னும் டயர் தேய்க்காமல் பெட்டியிலேயே இருக்கிறது. அதன் டயரை அப்பா இன்று காலையிலேயே எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.