கொண்டையப் பாக்காதீங்க, காலப் பாருங்க

காரைக்குடியில டூரிஸ்ட் கார் ஓட்டுறேன். கானாடுகாத்தான் பங்களா, ஆத்தங்குடி டைல்ஸ் எல்லாம் பாத்து முடிச்சா பாதி கெஸ்டுக்கு அடுத்த ஸ்டாப் மதுரை, தேனி, கம்பம் வழியா தேக்கடிதான், அதனால பர்மா தேக்கு கதை சொல்ற வாயால பறவைக் கதையும் சொல்ல வேண்டியதாப் போச்சு.

அதுல எல்லாரும் குழம்புறது பாம்புக் கழுகுலயும் குடுமிக் கழுகுலயும்தான். தேவகோட்டை ஆச்சி ஒருத்தங்க, பேத்தியோட பைனாகுலர வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஏந் தம்பி, ரெண்டுக்குந்தான் கொண்டை இருக்கு, நீ எத வச்சுச் சொல்ற?"ன்னாங்க. கால வச்சுத்தான் ஆச்சின்னேன்.

குடுமிக் கழுகுக்கு கால் விரல் வரைக்கும் இறகு மூடியிருக்கும், பேண்ட் போட்ட மாதிரி. பாம்புக் கழுகுக்கு கால் மொட்டையா மஞ்சளா செதில் செதிலா இருக்கும், பாம்போட மல்லுக்கட்டுறதுக்கு அதுதான் தோது. கண்ணுக்கும் அலகுக்கும் நடுவுல பளிச்சுன்னு மஞ்சள் தோலு வேற. குஞ்சுப் பருவத்துல ரெண்டுமே வெளிறிக் கிடக்கும், அப்பவும் கால் ஏமாத்தாது.

கொண்டையிலயும் வித்தியாசம் இருக்கு, நம்ம தென்னாட்டு குடுமிக் கழுகுக்கு அது நீளமா நட்டமா நிக்கும், பாம்புக் கழுகுக்கு பின்னந்தலையில கருப்பு வெள்ளையா படிஞ்சு கிடக்கும், கோவம் வந்தாத்தான் விசிறியா விரியும்.

கெஸ்டுக்கு எப்பவும் குடுமிக் கழுகுதான் பிடிக்கும், முயல், காட்டுக்கோழின்னு அடிக்கிற ஆளு, கெத்தா இருக்கும். எனக்கு அந்த இன்னொண்ணுதான். ஒரே கொம்புல தரையப் பாத்துக்கிட்டு அசையாம உக்காந்திருக்கும், வெயில் ஏறினதும் மேல வட்டம் போட்டுக்கிட்டே கூவும் பாருங்க, காடே கேக்கும், அண்ணாந்து பாத்தா றெக்கைக்கு அடியில அகலமா வெள்ளைப் பட்டை, அதுக்கப்புறம் டவுட்டே வராது.

கேமரா ஆளுங்க சிலபேரு கூடு காட்டு, உன்னைத் தனியா கவனிக்கிறேம்பாங்க. ரெண்டுமே வழக்கமா ஒத்த முட்டைதான் இடும், நம்ம போய் நிக்கப்போய் தாய் எந்திரிச்சுப் போயிருச்சுன்னா என்ன பண்றது. காட்ட மாட்டேன், ரேட்டிங்ல ஒரு ஸ்டாரு குறைச்சாலும் குறைக்கட்டும்.