ட்ராக்கில் ஒரு மக் தண்ணீர்

மாடி கட்டியபோது பதினோரு சன்னல்கள் போட வேண்டியிருந்தது. அலுமினியம் என்று முடிவாகிவிட்டது. ஆனால் கீழ்த்தளத்தில் ஏற்கெனவே இருந்த அலுமினிய ஸ்லைடிங் சன்னல் ஒன்று மழை வலுக்கும்போதெல்லாம் அறைக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. அடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்தே நான்கு வருடம் ஓட்டிவிட்டோம். அதே தப்பு பதினோரு முறை நடந்துவிடக் கூடாது என்ற பயத்தில், பட்டறை பட்டறையாக ஒரே கேள்வியோடு ஏறி இறங்கினேன்: தண்ணீர் ஏன் உள்ளே வருகிறது?

முதல் இரண்டு இடங்களில் "சிலிக்கான் அடிச்சா நின்னுடும்" என்றார்கள். மூன்றாவது பட்டறையில் இருந்த பெரியவர் என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "தம்பி, இதுல வெளிப்பக்கம் துளையே காணோமே" என்றார். எனக்குப் புரியவில்லை. மேசையில் சாய்த்து வைத்திருந்த மாதிரிச் சன்னலை நிமிர்த்தி, கீழ் ட்ராக்கில் ஒரு மக் தண்ணீரை அப்படியே ஊற்றினார். தண்ணீர் ரோலர் ஓடும் பள்ளத்தில் தேங்கி நின்றது, பிறகு வெளிப்பக்கம் விரல்நகம் அகலத்துக்கு இருந்த இரண்டு துளைகள் வழியாக வழிந்து முழுக்க வடிந்துவிட்டது. "ஸ்லைடிங்ல ட்ராக்குக்குள்ள தண்ணி வரத்தான் செய்யும். வந்த தண்ணிய வெளிய அனுப்பணும், அதுதான் விஷயம். உள்பக்கத்து விளிம்பு அதுக்காகத்தான் உசரமா இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சுரண்டினேன். துளை இருந்தது! பூச்சு வேலையின்போது கலவை ஒட்டி இறுகி, அதற்கு மேல் பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். இரண்டு துளையையும் திறந்துவிட்டேன். அடுத்த மழையில் உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. நான்கு வருடத் துணிச் சுருள் அன்றோடு போனது. அந்தப் பெரியவரிடமே ஆர்டர் கொடுப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆனாலும் மற்ற இரண்டு இடத்துக் கொட்டேஷன்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றிலும் "இரண்டு ட்ராக் ஸ்லைடிங், பவுடர் கோட்டிங்" என்றே எழுதியிருந்தது, தொகையில் மட்டும் பெரிய வித்தியாசம். மாதிரித் துண்டுகளை வாங்கி வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஒன்றில் செக்ஷனின், அதாவது சட்டம் செய்யும் அலுமினியக் குழலின், சுவர் 1.2 மி.மீ., இன்னொன்றில் 1.6. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கண்ணாடி எவ்வளவு கனம் என்று கணக்குப் போட்டால் இந்த வித்தியாசத்தின் அருமை புரியும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. எங்கள் ஹாலில் ஒரு ஷட்டர் (திறந்து மூடும் கண்ணாடிக் கதவு) 1.2 மீட்டருக்கு 1.5 மீட்டர், 6 மி.மீ. கண்ணாடி. கண்ணாடி மட்டுமே 27 கிலோ! தினமும் அதைத் தாங்கி ஓடுவது இரண்டு ரோலர்கள்தான். அதனால் பெரிய சன்னல்களுக்குத் தடித்த செக்ஷனும், இத்தனை கிலோ தாங்கும் என்று குறித்த ரோலரும் வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கினேன்.

எல்லா அறைக்கும் ஒரே மாதிரி என்பதை விட்டுவிட்டது நல்லதாயிற்று. இரண்டு ட்ராக் ஸ்லைடிங்கில் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். படுக்கையறைக்குக் காற்று வேண்டும், தெருச் சத்தம் வேண்டாம். அங்கே கதவு போலக் கீலில் திறக்கும் கேஸ்மென்ட் போட்டோம். மூடிப் பூட்டினால் ஷட்டர் ரப்பர் கேஸ்கெட்டில் நன்றாக அழுந்திக்கொள்கிறது. ஸ்லைடிங்கில் இடுக்கை மறைப்பது பிரஷ் போன்ற பட்டைதானே, அந்த இறுக்கம் வராது. ஆள் நடக்கும் பக்கம் மட்டும் வெளியே திறக்கும் ஷட்டர் வைக்காதீர்கள், தலையில் இடிக்கும். குளியலறைக்கு, மேல் விளிம்பில் கீல் வைத்த சன்னல்.

வெயில் நேராக அடிக்கும் இரண்டு சன்னல்களுக்கு மட்டும் ரொம்ப யோசித்தேன். அலுமினியம் வெப்பத்தை யுபிவிசி பிளாஸ்டிக்கைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு கடத்தும். சட்டத்தின் நடுவில் பாலிஅமைடு பட்டை வைத்து வெளி அலுமினியத்தையும் உள் அலுமினியத்தையும் பிரிக்கும் வகை இருக்கிறது. கடுங்குளிர் உள்ள இடத்தில் அது இல்லாவிட்டால் சட்டத்தின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். எங்களுக்குத் தொல்லை குளிர் இல்லை, கண்ணாடி வழியே வரும் வெயில். அதனால் அந்தப் பணத்தை வெப்பம் தடுக்கும் கண்ணாடிக்கும், மேலே ஒரு நீண்ட மறைப்புக்கும் போட்டேன். இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அளவெடுக்க ஆள் வந்தபோது பக்கத்திலேயே நின்றேன். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுத்தார். ஒரு சன்னலில் மட்டும் மேலுக்கும் கீழுக்கும் 9 மி.மீ. வித்தியாசம். மூலைக்கு மூலையும் பிடித்துப் பார்த்தார். சிறிய அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். டஃபன்டு கிளாஸ், அதாவது சூடேற்றி உறுதியாக்கும் கண்ணாடி, ஒருமுறை பதமாகிவிட்டால் பிறகு அறுக்க முடியாது, அறுத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

ஒரு சன்னலில் மனசு உடைந்துபோனது. பூச்சு முடிவதற்குள் கொத்தனார் வசதிக்காக ஃபிரேமை முதலில் நிறுத்திவிட்டார்கள். காப்புக்கு ஒட்டியிருந்த டேப் ஓரிடத்தில் கிழிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஈரச் சிமென்ட்டில் இருக்கும் காரம் அலுமினியத்துக்கும் கோட்டிங்குக்கும் ஆகாது. மறுநாள் துடைத்தபோது கைவிரல் நீளத்துக்கு வெள்ளையாகத் தேமல் போலப் படிந்திருந்தது. எதற்கும் போகவில்லை, இன்றும் இருக்கிறது. மீதி பத்தையும் பூச்சு காய்ந்த பிறகே நிறுத்தச் சொன்னேன். டேப்பையும் அன்றே உரித்துவிட்டோம்; வெயிலில் விட்டால் பசை இறுகி உரிக்கவே வராது.

வேலை முடிந்து கடைசித் தொகை கொடுக்கும் நாளில், ஒரு மக்கோடு ஒவ்வொரு ஸ்லைடிங்காகப் போய் ட்ராக்கில் தண்ணீர் ஊற்றினேன். பெரியவரும் கூடவே வந்தார். சமையலறைச் சன்னலில் மட்டும் தண்ணீர் அசையாமல் நின்றது. குனிந்து பார்த்தார், வெளியே அடித்த சிலிக்கான் வழிந்து ஒரு துளையை மூடியிருந்தது. "நல்லவேளை தம்பி, ஊத்திப் பாத்தீங்க" என்று பையிலிருந்து பிளேடை எடுத்து அறுத்துவிட்டார். தண்ணீர் சரசரவென்று இறங்கியது.