அம்மாயியின் சவுரிமுடி

குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சிறப்பு மலர் அச்சடிக்கிறார்கள், அதில் எங்கள் வம்சாவளியும் வரவேண்டும் என்று பெரியப்பா ஒரு நீள நோட்டைத் தூக்கிக்கொண்டு சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்திருந்தார். 11 தலைமுறை. ஆளாளுக்குக் கேட்டு, பழைய பத்திரங்களைப் புரட்டி, இரண்டு வருடமாக எழுதியிருக்கிறார், அந்த உழைப்பை மெச்சத்தான் வேண்டும். ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு பெண்ணின் பேர் இல்லை.

“ஏன் பெரியப்பா, நம்ம வீட்ல பொம்பளைங்களே பொறக்கலையா?”

“கட்டிக்குடுத்துட்டா வேற கூட்டம் கண்ணு. கட்டிக்கிட்டு வர்றவங்களும் வேற கூட்டம். எழுதற வழக்கமில்ல.”

அன்று ராத்திரி என் பங்குக்கு ஒரு தாளில் எழுதினேன். நான், அம்மா, அம்மாயி, அம்மாயியின் அம்மா. நாலாவது ஆளின் பேரே அம்மாவுக்குப் பாதிதான் ஞாபகம். அதற்கு மேலே கேட்டால் “ஏற்காட்டுப் பக்கம் எங்கியோ இருந்து வந்தவங்களாம்” என்ற ஒரு வரி, அவ்வளவுதான். அந்தப் பக்கம் 11, இந்தப் பக்கம் மூன்றரை.

வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்றரைக்கு மேலே ஏறுகிற வழி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் நடத்துகிற பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. நம் டிஎன்ஏ கிட்டத்தட்ட எல்லாம் செல்லின் உட்கருவில் இருக்க, செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மட்டும் தனியாக ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் உண்டு, 16,569 எழுத்து, 37 ஜீன். 1981-இல் கேம்பிரிட்ஜில் அதை முழுதாகப் படித்துவிட்டார்கள். இது அம்மாவிடமிருந்து மட்டும் வரும். அப்பாவின் விந்தணுவிலும் வாலை ஓட்டுவதற்கு மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, ஆனால் கருமுட்டைக்குள் போனதும் அதை அழித்துவிடுகிறது உடம்பு. உட்கருவில் இருப்பது தலைமுறைக்குத் தலைமுறை சீட்டுக்கட்டு மாதிரி கலைகிறது, இந்த வளையம் கலைவதே இல்லை, எப்போதாவது ஓர் எழுத்து மாறுவதோடு சரி. எனக்கு ஒரே மகன். என் வளையம் அவனிடம் இருக்கிறது, அவன் பிள்ளைகளிடம் இருக்காது. எங்கள் அம்மாயி வழி இனிமேல் போவதானால் தங்கச்சி மகளோடுதான் போகவேண்டும், அவளுக்கு இப்போது 6 வயது, விஷயம் தெரியாமல் தட்டுவடை செட் கேட்டு அழுதுகொண்டிருக்கிறாள்.

அம்மாயியின் டிரங்குப் பெட்டியில் அவள் சவுரி இன்னும் இருக்கிறது. தலை சீவும்போது உதிர்கிற முடியைச் சுருட்டி ஓட்டு இடுக்கில் செருகி வைத்து, சேர்ந்ததும் சவுரி கட்டிக்கொள்வார்கள். தடயவியல்காரர்களுக்கு இந்த மாதிரி முடி ரொம்ப காலம் தலைவலியாக இருந்தது. வேர் இல்லாத முடியில் வழக்கமான முறையில் உட்கரு டிஎன்ஏ உருப்படியாகத் தேறாது. ஒரு செல்லில் உட்கரு டிஎன்ஏ இரண்டு பிரதி என்றால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும், எது சிதைந்தாலும் ஏதாவது ஒன்று பிழைத்துக் கிடக்கும். அதனால்தான் பழைய எலும்பு, பல், அறுந்த முடி என்றால் முதலில் இதைத் தேடுகிறார்கள். அமெரிக்காவில் 1996-இல் டென்னசி மாநிலத்து நீதிமன்றம் ஒன்றில் இதை முதன்முதலாகச் சாட்சியமாக வைத்தபோதும் அங்கே கிடைத்தது முடிதான்.

ஆனால் ஒன்று. அம்மாயி சவுரியிலிருந்து ஒரு முடியை எடுத்துக் குற்றம் நடந்த இடத்தில் போட்டால், பரிசோதனை அம்மாயியை மட்டும் காட்டாது. அம்மா, சித்தி, நான், தங்கச்சி, என் மகன், சித்தி பிள்ளைகள், பேரே தெரியாத ஒன்றுவிட்ட கூட்டம் எல்லோரும் வரிசையில் நிற்கவேண்டியதுதான். “இந்த ஆள் இல்லை” என்று சொல்ல இது கெட்டி, “இந்த ஆள்தான்” என்று சொல்ல இது மட்டும் போதாது. செய்தியில் “டிஎன்ஏ பொருந்தியது” என்று வரும்போதெல்லாம் எந்த டிஎன்ஏ என்று டிவியைப் பார்த்துக் கேட்பது என் வழக்கம், வீட்டில் யாரும் இப்போது கண்டுகொள்வதில்லை.

ரஷ்யாவின் கடைசி ஜார் குடும்பத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1918-இல் கொல்லப்பட்டவர்களின் எலும்பை 1991-இல் யெகாதெரின்பர்க் பக்கம் தோண்டி எடுத்தார்கள். ராணி இவர்தானா என்று பார்க்க இங்கிலாந்து இளவரசர் பிலிப் ரத்தம் கொடுத்தார், ஏனென்றால் அவருடைய அம்மாயியும் அந்த ராணியும் கூடப்பிறந்தவர்கள். அச்சாகப் பொருந்தியது. ஜாருடையதில் மட்டும் ஒரு சிக்கல். 16169-ஆம் இடத்தில் அவருக்கு இரண்டு எழுத்து கலந்து கிடந்தது, தாய்வழிச் சொந்தக்காரர்களிடம் ஒன்றுதான் இருந்தது. இது ஜாரே இல்லை என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் ஜாரின் தம்பி கல்லறையைத் திறந்து பார்த்தால் அவருக்கும் அதே இடத்தில் அதே கலப்பு! சந்தேகத்துக்குக் காரணமாக இருந்த பிழையே அடையாளமாகிவிட்டது. நம் நாட்டிலும் பஞ்சாபின் அஜ்னாலாவில் 2014-இல் ஒரு கிணற்றில் எலும்புக்கூடுகள் கிடைத்தன, 1857-இல் கொல்லப்பட்ட சிப்பாய்கள். பல்லிலிருந்து எடுத்த தாய்வழி டிஎன்ஏவையும் வேறு சில தடயங்களையும் வைத்து, அவர்கள் கங்கைச் சமவெளிக்காரர்கள் என்று 2022-இல் வெளியான ஆய்வு சொன்னது.

இதையெல்லாம் படிக்கப்போய்த்தான் மங்கோலியாவில் மாட்டிக்கொண்டேன். அவர்களுக்கும் நம்மைப்போல அப்பன்வழிக் குலம், ஒரே குலத்துக்குள் பெண் எடுக்கமாட்டார்கள். 1920-களில் கம்யூனிஸ்ட் அரசு குலப்பெயர்களை ஒழித்தது, 1990-களில் திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்றபோது பலருக்கும் மறந்தே போயிருந்தது, சரி என்று ஏராளமானவர்கள் செங்கிஸ்கானின் போர்ஜிகின் குலப்பெயரையே போட்டுக்கொண்டார்கள். 1981-இல் விண்வெளிக்குப் போன குர்ராக்சா மட்டும் ‘சன்சார்’ என்று வைத்துக்கொண்டார், மங்கோலிய மொழியில் அண்டவெளி என்று பொருள். நம் சம்சாரம்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. நம் ஊரில் அதற்கு மனைவி என்று பொருள், பெரியப்பா நோட்டில் இடம் கிடைக்காதவள்.

செங்கிஸ்கான் என்றதும் எல்லோரும் பேசுவது 2003-இல் வந்த ஆண்வழி ஆய்வைத்தான், ஆசியாவின் பெரும்பகுதியில் நூற்றுக்கு 8 ஆண்களிடம் ஒரே வழி ஒய் குரோமோசோம் (அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது) என்று. அது அவருடையதுதான் என்று உறுதிசெய்ய அவர் உடல் இதுவரை கிடைக்கவில்லை. அவர் மனைவி போர்த்தேயை மெர்கித்து இனத்தார் தூக்கிப்போய், மீட்டு வந்த கொஞ்ச நாளில் ஜோச்சி பிறந்தான், அப்பன் யார் என்ற பேச்சு அவன் சாகும்வரை ஓயவில்லை. அம்மா யார் என்பதில் மட்டும் ஒருத்தருக்கும் சந்தேகம் வந்ததில்லை. இன்னும் பின்னால் போனால் போர்ஜிகின் குலமே ஆலன் கோவா என்ற பெண்ணில் போய் நிற்கிறது, புருஷன் செத்த பிறகு ஒளியால் கருத்தரித்துப் பெற்ற பிள்ளையின் வம்சமாம். அப்பன்வழிக்கே ஆரம்பம் ஓர் அம்மா!

வளையத்தில் ஒரே மாதிரி எழுத்து மாறியவர்களைத் தாய்வழிக் குழுக்களாகப் பிரித்து, ஆங்கில எழுத்தில் பேர் வைத்திருக்கிறார்கள். மங்கோலியர்களிடம் டி, சி, ஜி, இசட் நிறைய, அதிலும் டி4 கிளை அதிகம், ஏ, பி, எஃப் உண்டு, ஐரோப்பாப் பக்கத்து எச், யூ-வும் கொஞ்சம் கலந்திருக்கிறது. குதிரை மேல் வந்தவர்கள், கட்டிக்கொண்டு வரப்பட்டவர்கள், பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் வேறு. இந்தியாவில் பாதிக்கு மேற்பட்டவர்களின் தாய்வழி எம் என்ற பெருங்கொடி, மங்கோலியாவின் டி, சி, ஜி, இசட் எல்லாமே அதே எம்-இன் கிளைகள். 16223-ஆம் இடத்தில் கேம்பிரிட்ஜ் வளையத்தில் இருக்கும் டிஎன்ஏ எழுத்து C என்றால் எம் கொடிக்காரர்களுக்குப் பெரும்பாலும் T. ஆனால் இதை வைத்து நாளைக்கே யாராவது “நாங்க செங்கிஸ்கான் வம்சம்” என்று போஸ்டர் ஒட்டிவிடக் கூடாது. 10 தலைமுறைக்கு முன்னால் நமக்கு 1,024 பேர் இடம் இருக்கிறது, இந்த வளையம் அதில் ஒரே ஒருத்தியைத்தான் சொல்கிறது. பெரியப்பாவின் நோட்டும் ஒருத்தரைத்தான் சொல்கிறது.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரிடம் ஒரு மரபுக்கதை உண்டு. காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி, பெரியண்ணன் சேர்வராயனுக்கும் நடுவண்ணன் பச்சைமலைக்கும் சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போய், இந்தப் பக்கத்துப் பெண்களைக் கட்டிக்கொண்டார்களாம். ஆண்களின் பேர் கதையில் பத்திரமாக இருக்கிறது. நான் கேட்ட வரைக்கும் அந்தப் பெண்களின் பேரைச் சொன்னவர் யாருமில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போய், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நிற்கும்போதெல்லாம் இப்போது அது நினைவுக்கு வந்துவிடுகிறது, அம்மாயியின் அம்மாவும் இந்தப் பக்கம்தான் எங்கோ.

பெரியப்பாவிடம் பேசிக் கடைசிப் பக்கத்தை வாங்கிவிட்டேன். “நாலு பேருக்கு ஒரு பக்கமா கண்ணு” என்றார், இருந்தாலும் கொடுத்தார். அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. நாலாவது பேரில் ‘பெரிய’ என்பது வரைக்கும் உறுதி, மீதி அக்காளா தாயியா என்று அம்மாவும் சித்தியும் போனில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.