கிரீஸ் டிராப் கட்டிவிடலாம், ரசீது வாங்குவதுதான் பாடு

எங்கள் மெஸ்ஸுக்கு வந்த நோட்டீஸ் ஒருவழியாக முடிந்தது. தெரு மேன்ஹோல் பொங்கியதற்கு எங்கள் சமையலறைக் கொழுப்பும் ஒரு காரணம், அதனால் கிரீஸ் டிராப் (கழுவும் நீரில் வரும் கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் தொட்டி) வைக்க வேண்டும், அதைச் சுத்தம் செய்ததற்கு ஆதாரமும் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான நோட்டீஸ்தான். டிராப் வைப்பதில் பெரிய சிரமம் இல்லை. மேஸ்திரி வந்தார், பிளம்பர் வந்தார், பாத்திரம் கழுவும் இடத்துக்கு வெளியே மூன்று அறைத் தொட்டி எழும்பிவிட்டது. ஆதாரத்துக்குத்தான் அலைய விட்டார்கள்.

என்ன ஆதாரம் என்று நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்தின் கவுன்டரில் கேட்டேன். "எண்ணெய் எடுத்துட்டுப் போறவங்க ரசீது குடுப்பாங்கல்ல, அதைக் கொண்டாங்க" என்றார் அங்கிருந்தவர். அது எங்களிடம் பக்காவாக இருந்தது. பொரித்த எண்ணெயில் போலார் பொருள்களின் (திரும்பத் திரும்பக் காய்ந்து எண்ணெய் கெடும்போது சேர்பவை) அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. பொரிக்க நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் கடைகள் கணக்கும் வைக்க வேண்டும். நாங்கள் அந்த அளவுக்குப் போவதில்லை, இருந்தாலும் எண்ணெயை அங்கீகாரம் உள்ளவர்களிடம்தான் கொடுக்கிறோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, எல்லா ரசீதையும் நகல் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே இருந்த அதிகாரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "இது வாணலி எண்ணெய்ங்க. நான் கேட்டது டிராப்ல அள்ளின கழிவு எங்க போச்சுன்னு."

அவர் கேட்டது சரிதான். ஆனால் அதே அலுவலகத்தின் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. தயவுசெய்து யாரும் வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள். என்ன காகிதம் வேண்டும் என்று நோட்டீஸ் நகலின் பின்பக்கமே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து, டிராப் கழிவை எடுத்துப் போக லாரி. செப்டிக் டேங்க் என்றால் 14420 என்ற உதவி எண்ணுக்குப் போன் போட்டால் வழி கிடைத்துவிடும். நம்முடையது செப்டிக் டேங்க் இல்லையே. தனியாக வரவழைத்த லாரிக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். மேலே ஒரு சாண் கனத்துக்குக் கொழுப்பு வனஸ்பதி மாதிரி உறைந்து கிடந்தது. கம்பியால் குத்தினால் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. "அண்ணே, இது ஹோஸையே அடைச்சிரும். ஏத்திட்டுப் போனாலும் பிளான்ட்ல இறக்க விட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் மேல் கொழுப்பு படிந்தால் அவற்றின் வேலை கெட்டுவிடும்.

இன்னொருவர் ராத்திரி வந்து எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ரசீது கேட்காதீர்கள் என்றார். அது வேறொரு தெரு மேன்ஹோலுக்கோ ஏரிக்கோதான் போகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவதாக வந்தவர் சொன்னதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. "ஒரு பையன இறக்கி விடுறேன், வாளியில அள்ளிடுவான்." சின்னத் தொட்டிதானே என்று யாரும் இதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். அழுகிய சோறும் கொழுப்பும் கிடக்கும் மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு சேரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம் வரும், அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் அப்படியே சரிந்துவிடுவார். பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் ஆளை இறக்குவதை 2013ஆம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் நம் ஊரில் சாவுச் செய்தி நின்றபாடில்லை. என் கடை வாசலில் அது நடக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அவரை அனுப்பிவிட்டேன்.

கடைசியில் பக்கத்துத் தெரு லாட்ஜ் மேனேஜர்தான் வழி சொன்னார். பொரித்த எண்ணெய் எடுக்கும் நிறுவனங்களில் சிலர் டிராப் கொழுப்பையும் தனி டிரம்மில் எடுப்பார்களாம். போன் போட்டுக் கேட்டால் உண்மைதான். மேலே மிதந்ததை நீட்டுக் கைப்பிடிக் கரண்டியால் வெளியே நின்றே வழித்து எடுத்தார்கள். அடியில் இருந்த சேற்றையும் பம்ப் வைத்து உறிஞ்சினார்கள். ரசீதும் கொடுத்தார்கள். அதில் தேதி, அளவு, வண்டி எண் எல்லாம் இருந்தன. எங்கே இறக்கினார்கள் என்பது மட்டும் இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் ரசீது இருந்தும் பிரயோஜனமில்லை. டிரைவர் அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் பேசி, இறக்கும் இடத்தின் முத்திரையோடு மறுநாள் அனுப்பி வைத்தார். புண்ணியவான்.

முடிந்தது என்று பார்த்தால், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும் என்றார்கள். பொதுச் சாக்கடையில் விடும் நீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மாதிரியை எதில் கொண்டுவரட்டும் என்று ஆய்வகத்துக்குப் போன் போட்டேன். சுத்தமான தண்ணீர் பாட்டில் போதும் என்றார்கள். நேரில் போனால் கெமிஸ்ட் அம்மா வாங்க மறுத்துவிட்டார். பிளாஸ்டிக்கில் கொழுப்பு ஒட்டிக்கொள்ளும், அளவு குறைத்துக் காட்டும், கண்ணாடி பாட்டில்தான் வேண்டுமாம். அவர்களே பாட்டில் தருவார்கள், அமிலம் விட்டுத் தருவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் அறிக்கை வரம்பைத் தாண்டியிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெளியே போகும் பைப்பில் தண்ணீருக்குள் ஆழமாக இறங்க வேண்டிய டி ஜாயின்ட்டின் (T வடிவ இணைப்பு) கீழ்க்கால் இல்லை. பிளம்பர் வெறும் எல்போ (வளைவுத் துண்டு) போட்டுவிட்டுப் போயிருந்தார். கொழுப்பு மிதக்கும், சேறு அடியில் தங்கும், நடுவில் இருக்கும் தெளிந்த நீர்தான் வெளியேற வேண்டும். இங்கே மிதந்தது அப்படியே வழிந்து போயிருக்கிறது. கீழ்க்காலை வைத்த பிறகுதான் தொட்டி டிராப்பாக வேலை செய்தது. பில்லைத் தீர்க்கும் முன் அந்தப் பைப்பைக் கட்டாயம் பாருங்கள்.

அது மட்டும் போதாது. குழம்புச் சட்டியைக் கழுவும் முன் கரண்டியால் வழித்து, காகிதத்தால் துடைக்கச் சொல்லிவிட்டோம். கொதிநீரையும் ஆசிட்டையும் ஊற்றிக் கொழுப்பைக் கரைக்கும் வழக்கம் நின்றது. கரைந்த கொழுப்பு டிராப்பைத் தாண்டிப் போய்த் தெருப் பைப்பில்தான் மறுபடி உறையும். மிதப்பதும் சேறும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் கால்வாசி வந்துவிட்டால் நாள் பார்க்காமல் வண்டியைக் கூப்பிடுகிறோம். பாத்திரம் கழுவும் அக்காதான் குச்சி விட்டு அளந்து நோட்டில் குறிக்கிறார். அந்த நோட்டைப் பார்த்த அதிகாரி வேறு எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவது அறிக்கை வரம்புக்குள் வந்தது. எல்லாவற்றையும் கொடுத்தபோது, "வெச்சிட்டுப் போங்க, பாக்குறோம்" என்றார் அதே கவுன்டர்காரர். நகலில் முத்திரையும் தேதியும் போட்டுக் கொடுங்கள் என்று நின்று வாங்கிக்கொண்டுதான் வந்தேன். ரசீது, அறிக்கை, நோட்டு மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு, சுவரில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸுக்குக் கீழேயே வைத்திருக்கிறேன்.