கெக்கில் பீரின் கேஸ் நிற்க வைத்த கதை: நான்காவது கெக்

மெல்போர்னில் வீட்டு கராஜில்தான் பீர் செய்கிறேன். பாட்டில் கழுவி அலுத்துப்போய் 19 லிட்டர் கெக்குக்கு, அதாவது பீரை மொத்தமாக அடைத்துவைக்கும் உலோகப் பீப்பாய்க்கு, மாறினேன். முதல் கெக் நன்றாகவே இருந்தது, ஆனால் பீருக்குக் குமிழி தரும் கார்பன் டை ஆக்சைடு கேஸ், 2.6 கிலோ சிலிண்டர், ஒரே மாதத்தில் காலி. ஒரு கெக்குக்கு கேஸ் ஏற்றவும் ஊற்றித் தீர்க்கவும் சேர்த்து ஏறக்குறைய 160 கிராம் போதும். மீதியெல்லாம் காற்றில் போயிருக்கிறது.

அந்தப் பயத்தில் அடுத்த இரண்டு கெக்குக்கும், ஊற்றி முடித்ததும் சிலிண்டரை மூடிவிடுவேன். மூன்றாவது வாரம் பீர் சப்பென்று ஆகிவிட்டது. ஒவ்வொரு கிளாஸ் ஊற்றும்போதும் கெக்குக்குள் காலி இடம் கூடுகிறது. புது கேஸ் வராவிட்டால் பீரில் கரைந்திருப்பதே வெளியேறி அந்த இடத்தை நிரப்பும். கசிவும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, முதலில் கசிவைப் பிடிப்போம் என்று காலி கெக்கில் 30 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) கேஸ் ஏற்றி, ஊரில் அடுப்பு சிலிண்டருக்குச் செய்வதுபோலச் சோப்புத் தண்ணீர் தடவினேன். மூடியைத்தான் சந்தேகப்பட்டேன், அங்கே ஒன்றுமில்லை. கேஸ் குழாயை மாட்டும் முனையான போஸ்ட்டின் அடியில் கடுகு கடுகாகக் குமிழி கிளம்பி, ஒரு நிமிடத்தில் சின்ன நுரைக்கொத்தாகத் திரண்டது. கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு. புதிது மாற்றி, உணவுப் பொருளுக்கு ஏற்ற சிலிகான் கிரீஸ் தடவி, சிலிண்டரை மூடிவைத்தேன். காலையில் ரெகுலேட்டர் முள் அசையவே இல்லை. இந்தச் சோதனையைக் காலி கெக்கில் செய்வதே நல்லது. உள்ளே பீர் இருந்தால் அது கேஸை உறிஞ்சும், முள் இறங்கும், இல்லாத கசிவைத் தேடிக்கொண்டிருப்போம்.

அப்புறம் நான்காவது கெக். ஃபிரிட்ஜில் 4 டிகிரி, 12 பிஎஸ்ஐ. குலுக்காமல் பத்து நாள் விட்டேன். பீரின் அளவைப்போல் இரண்டரை மடங்கு கேஸ் கரைய இது போதும். அதே பீரை 20 டிகிரியில் வைப்பதென்றால் 30 பிஎஸ்ஐக்கு அருகே வேண்டும்.

முதல் கிளாஸ் முக்கால்வாசி நுரை. முன்பெல்லாம் நுரை வந்தால் அழுத்தத்தைக் குறைப்பேன். அது தப்பு, சில நாளில் பீர் கேஸை இழந்துவிடும். கெக்கிலிருந்து பீர் வரும் குழாயைத்தான் நீட்ட வேண்டும். 5 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயை ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் ஆக்கினேன், நுரை இரண்டு விரல் உயரத்தோடு நின்றது.

இப்போது சிலிண்டரை மூடுவதே இல்லை. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் கேஸ் தீரும்வரை அதன் மீட்டர் பெரிதாக இறங்காது, அதனால் எடையைத்தான் நம்புகிறேன். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் வாரம் ஒருமுறை மாட்டிப் பார்க்கிறேன். இந்த கேஸ் கசிந்தால் தரையோடு தேங்கும், ஆகவே கராஜைக் காற்றோட்டமாக வைத்திருப்பது கட்டாயம்.

நேற்றோடு ஐந்து வாரம். சிலிண்டர் கால் கிலோகூடக் குறையவில்லை. கிளாஸின் அடியிலிருந்து குமிழி நூலாக ஏறுவது கடைசி மடக்கு வரை நிற்கவில்லை.