முதலில் போவது கடைசி ரேங்க்காரர்தான்

ஒரு மல்டிபிளேயர் கேம் நலமாக இருக்கிறதா, படுத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள டிரெய்லரையும் புது ஸ்கின்னையும் பார்க்கவே வேண்டாம். பிளே பட்டனை அழுத்தியதும் வருகிற தேடல் திரையைப் பார்த்தால் போதும். ஓரத்தில் 0:01, 0:02 என்று ஒரு கடிகாரம் ஓடும். 0:20-க்குள் லாபி, அதாவது ஆட்கள் சேரும் காத்திருப்பு அறை, நிறைந்துவிட்டால் கவலையில்லை. 2:00 தாண்டினால் ஆடுபவர் பக்கத்திலிருக்கும் போனை எடுத்துவிடுவார். 5:00 தாண்டினால் கேமை மூடிவிடுவார். அவர் மூடியதும் வரிசையில் ஒரு ஆள் குறைவு. அவருக்குப் பின்னால் நிற்பவரின் கடிகாரம் இன்னும் கொஞ்சம் நீளும்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் ஒரு ஷூட்டிங் கேம், ஒரு மேட்ச் 30 நிமிடம், இப்போது ஆன்லைனில் 3,000 பேர். 3,000 என்றால் நிறையப் பேர் என்று தோன்றும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மேட்சுக்குள் இருப்பவர்கள். ஒன்றை முடித்துவிட்டு மறுபடி வரிசைக்கு வருபவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 100 பேர்தான். அந்த 100 பேரை மூன்று சர்வர் பகுதிகளுக்குப் பிரித்தால் 33. நான்கு மோடு, அதாவது நான்கு ஆட்ட வகை, வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 8. திறமைக்கேற்ப ஐந்து அடுக்காகப் பிரித்தால் ஓர் அடுக்குக்கு நிமிடத்துக்கு ஒன்றரை ஆளுக்குச் சற்று மேல். பத்துப் பேர் சேர ஆறு நிமிடம் ஆகும். விடியற்காலை மூன்று மணிக்கு ஆட்கள் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டால், அதே பத்துப் பேர் சேர அரை மணி நேரம் ஆகும். மேட்ச் எவ்வளவு நேரமோ, காத்திருப்பும் அவ்வளவு நேரம்.

இந்த நிலையில்தான் பல நிறுவனங்கள் ஒரே தவறைச் செய்கின்றன. ஆட்கள் குறைகிறார்கள், சலித்துப்போயிருப்பார்கள், புது மோடு ஒன்று கொடுப்போம் என்று ஐந்தாவது மோடைத் திறக்கிறார்கள். எட்டாக இருந்தது ஆறரை ஆகிறது; எல்லா வரிசையும் சேர்ந்து மெலிகிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: சாதாரண ஆட்டத்துக்கு ஒரு வரிசை, தரவரிசையில் ஏறி இறங்கும் ரேங்க் ஆட்டத்துக்கு ஒரு வரிசை, மற்ற மோடுகளை வாரம் ஒன்றாகச் சுழற்சியில் விடுவது. ஆள் குறைந்த பகுதிகளில் ரேங்க் ஆட்டத்தை மாலை முதல் நள்ளிரவு வரை மட்டும் திறந்து வைப்பது. கடை சிறியதானால் வாசலும் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

வரிசை நீளும்போது கணினி சும்மா இருக்காது. இத்தனை நொடி ஆகியும் ஆள் கிடைக்கவில்லையென்றால் திறமை வரம்பைத் தளர்த்தும்படிதான் பெரும்பாலான மேட்ச்மேக்கிங், அதாவது எதிராளிகளைத் தேடிச் சேர்க்கும் நிரல், எழுதப்பட்டிருக்கிறது. சதுரங்கத்துக்காக ஆர்பத் ஈலோ வகுத்த மதிப்பெண் முறைதான் இவற்றில் பலவற்றுக்கு அடிப்படை. அந்தக் கணக்கில் இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் பலசாலி நூற்றுக்கு 76 முறை ஜெயிப்பார். 400 புள்ளி என்றால் 91 முறை. அதாவது வரம்பை 200-லிருந்து 400-க்குத் தளர்த்தினால், கீழே இருப்பவரின் வெற்றி நாலில் ஒன்றிலிருந்து பதினொன்றில் ஒன்றாகக் குறைகிறது. நாலில் ஒன்று ஜெயிப்பவர் நாளைக்கும் வருவார். பதினொன்றில் ஒன்று ஜெயிப்பவர் ஏன் வர வேண்டும்?

தேய்மானம் எல்லா அடுக்கிலும் சமமாக நடப்பதில்லை, அடியிலிருந்துதான் தொடங்குகிறது. கடைசி ரேங்க்காரர்கள் முதலில் போகிறார்கள். அவர்கள் போனதும் அடுத்த அடுக்கில் இருந்தவர்கள் கடைசி ஆகிறார்கள். நேற்று வரை பாதி மேட்ச் ஜெயித்துக்கொண்டிருந்தவர்கள்தான். கைத்திறன் குறையவே இல்லை, இருந்தாலும் இன்று தோற்கிறார்கள். அவர்களும் போவார்கள். கடைசியில் மிஞ்சும் சில நூறு பேர் அபாரமாக ஆடுவார்கள். அந்த வாரம் புதிதாக இன்ஸ்டால் செய்தவர் அவர்கள் நடுவில்தான் போய் விழ வேண்டும். உலகின் முதல் மட்-ஐ (பலர் சேர்ந்து எழுத்து வழியாகவே ஆடும் கேம்) உருவாக்கிய இருவரில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இலேயே இதை எழுதிவிட்டார்: மற்றவர்களை அடித்து மகிழ்பவர்களின் எண்ணிக்கை கூடினால் சாதனை சேர்ப்பவர்கள் குறைவார்கள், பேசிப் பழக வந்தவர்கள் இன்னும் வேகமாகக் காணாமல் போவார்கள்.

சோனியின் கான்கார்ட் என்ற ஷூட்டிங் கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று 40 டாலர் விலையில் வந்தது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீமில் ஒரே நேரத்தில் ஆடியவர்களின் உச்சம் 697. போட்டியாக இருந்த கேம்களில் பல இலவசம். 14 நாளில், செப்டம்பர் 6 அன்று, சர்வரை நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த கேமில் துப்பாக்கி சுடும் உணர்வு மோசமில்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் 697 பேரை மேலே உள்ள கணக்கில் போட்டுப் பாருங்கள். துப்பாக்கி எப்படி இருந்தால் என்ன?

புதியவரைக் காப்பாற்ற பாட், அதாவது மனிதர் இடத்தில் கணினியே ஆட்டுவிக்கும் ஆள், வைப்பது ஒரு வழி. ஃபோர்ட்நைட் 2019-இல் வெளிப்படையாக அறிவித்தே பாட்களைக் கொண்டுவந்தது. திறமை ஏற ஏற அவை குறையும் என்றும் சொன்னது. பப்ஜி மொபைலில் ஆரம்ப மேட்ச்களில் எதிரே வருபவர்களில் பலர் பாட்கள் என்பது ஆடும் எல்லோருக்கும் தெரியும்: திறந்தவெளியில் நேராக ஓடிவந்து, நின்று, இரண்டு குண்டு தள்ளிச் சுடுவார்கள். சிக்கல் எங்கே வருகிறதென்றால், பத்து கில் எடுத்துப் பழகியவர் மனிதர்கள் மட்டும் இருக்கும் லாபிக்கு ஏறும் நாளில். மாடியிலிருந்து தரைக்குப் படிக்கட்டு இல்லாமல் இறங்குவது போல இருக்கும். 100 பேர் லாபியில் முதலில் 80 பாட், பிறகு 60, பிறகு 40 என்று படிப்படியாகக் குறைத்தால்தான் அந்த அதிர்ச்சி தெரியாது.

இடையில் பிங், அதாவது நம் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லிசெகண்ட், பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊர் ஆட்களை நேராகத் தொடும் விஷயம் இது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். போய்வர 5,800. எவ்வளவு நல்ல இணைப்பாக இருந்தாலும் 29 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவே முடியாது. நடுவில் உள்ள ரூட்டர்களும் கேபிளின் வளைவும் சேர்ந்து அதைக் கூட்டும். மும்பை சுமார் 1,000 கிலோமீட்டர்தான் என்பதால் அடிமட்டம் 10-க்கு வருகிறது. அதனால் நமக்கு மும்பையில் சர்வர் இருப்பதுதான் நல்லது என்று சொல்லிவிடலாம். ஆனால் மும்பை சர்வரில் நள்ளிரவுக்குமேல் ஆள் இல்லையென்றால், 20 பிங்கில் எட்டு நிமிடம் காத்திருப்பதைவிட 50 பிங்கில் உடனே ஆடுவதே மேல். தனித்தனி சர்வர் என்று பெருமைப்படும் நிறுவனங்கள், இரண்டு பகுதிகளையும் ஆள் குறையும் நேரத்தில் தானாக இணைக்கும் வேலையையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

பழையவரையும் புதியவரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதில் என் பார்வையில் ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் கேமை மிஞ்ச ஆளில்லை. 2010 செப்டம்பரில் வந்த முதல் வடிவம் படுதோல்வி. அந்த டிசம்பரில் அதன் தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் பொறுப்பேற்ற நவோகி யோஷிதா, 2012 நவம்பரில் சர்வரையே மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார். அதில் இருக்கும் டியூட்டி ரூலட் என்ற ஏற்பாட்டை ஒவ்வொரு கேம் டிசைனரும் பிரித்துப் பார்த்துப் படிக்க வேண்டும்.

நான்கு பேர் கொண்ட குழு: அடி வாங்க ஒரு டேங்க், காயம் ஆற்ற ஒரு ஹீலர், அடிக்க இருவர். கதையைத் தொடர வேண்டுமானால் புதியவர் 15, 16-ஆம் லெவலிலேயே குகைகளுக்குள் போயாக வேண்டும். அவரோடு போக யார் இருப்பார்கள்? உச்ச லெவலைத் தொட்டவருக்கு அந்தக் குகையில் ஒரு வேலையும் இல்லை. அதனால் அவருக்கு ரூலட் வைத்தார்கள்: பட்டனை அழுத்தினால் ஏதோ ஒரு பழைய குகைக்குள் தூக்கிப் போடும், நாளுக்கு ஒருமுறை நல்ல அனுபவப் புள்ளியும் நாணயமும் கிடைக்கும். உள்ளே போனதும் அவர் லெவல் அந்தக் குகையின் அளவுக்குக் குறைக்கப்படும், ஆகவே ஒரே அடியில் எல்லாவற்றையும் முடித்துப் புதியவரின் ஆட்டத்தைப் பறிக்க முடியாது. குழுவில் யாராவது அந்த இடத்துக்கு முதல்முறை வந்திருந்தால், முடிவில் எல்லோருக்கும் கூடுதல் நாணயம். அந்த நேரத்தில் எந்தப் பாத்திரத்துக்குப் பற்றாக்குறையோ, அதை எடுத்து வருபவருக்குத் தனியாக ஒரு போனஸ்.

இதன் விளைவைக் கவனியுங்கள். மற்ற கேம்களில் "நான் புதுசு" என்று சாட்டில் போட்டால் கிக் விழும், குழுவிலிருந்தே வெளியே தள்ளுவார்கள். இங்கே நாணயம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் மற்ற மூவருக்கும் மகிழ்ச்சி. அந்த நல்ல குணம் அவர்களிடம் தானாக முளைத்ததா, நாணயத்தால் வந்ததா என்று ஆராய வேண்டியதில்லை. தினமும் நடந்தால் பழக்கமாகிவிடும்.

2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் என்ற அதன் விரிவாக்கம் வந்தபோது கூட்டம் தாங்காமல் உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசை நின்றது. அப்போது அவர்கள் செய்தது வேறு எங்கும் அதிகம் பார்க்க முடியாதது: புதிய விற்பனையையே சில வாரம் நிறுத்தினார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு மொத்தம் 21 நாள் சந்தா இலவசம். பிறகு 2022 ஜனவரி கடைசியில்தான் விற்பனையைத் திறந்தார்கள். சலித்தால் சந்தாவை நிறுத்திவிட்டு அடுத்த பெரிய அப்டேட்டுக்கு வாருங்கள் என்று யோஷிதா வெளிப்படையாகவே சொல்லி வருகிறார். தினசரி லாகின் போனஸ் விட்டுப்போகுமே என்ற பயத்தில் வருபவர் ஒருநாள் விட்டுவிட்டால் நிம்மதியாகிவிடுவார், திரும்பவே மாட்டார். நிம்மதியாகப் போனவர்தான் திரும்பி வருவார். இதே கேமில் 45 நாள் வீட்டுக்குள் போகாவிட்டால் வாங்கிய வீட்டை இடித்துவிடும் விதி இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மனை குறைவு என்ற நியாயம் அதற்கு உண்டு என்றாலும்.

ஆட்களை இழக்க இன்னொரு உறுதியான வழி, அவர்கள் கைகள் கற்றதைச் செல்லாமல் ஆக்குவது. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ் என்ற ஆன்லைன் கேம் 2005 நவம்பரில் ஒரே அப்டேட்டில் முப்பதுக்கு மேற்பட்ட தொழில்களை ஒன்பதாகச் சுருக்கியது. தையல்காரராகவும் மிருகம் வளர்ப்பவராகவும் இரண்டு வருடம் வாழ்ந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் அந்தத் தொழிலே இல்லை. வாடிக்கையாளரும் போய்விட்டார்கள். 2011 டிசம்பரில் மூடும்வரை அது எழவே இல்லை.

ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமின் கதை இன்னும் நுணுக்கமானது. திருட்டு கிரெடிட் கார்டில் கணக்குத் திறந்து, கேமுக்குள் தங்கம் சேர்த்து, வெளியே நிஜப் பணத்துக்கு விற்கும் கும்பல்களை ஒழிக்க, 2007 டிசம்பர் தொடங்கி 2008 ஜனவரிக்குள் தடையில்லாப் பரிமாற்றத்தையே நீக்கினார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் அதோடு தம்பிக்கு ஒரு கவசம் கொடுப்பதும், நண்பனுக்குக் கடன் கொடுப்பதும், புதிதாக வந்த யாருக்கோ நாலு மீனைப் போட்டுவிட்டுப் போவதும் நின்றுபோயின. சட்டம் திருடனைக் குறிவைத்தது. அடி விழுந்தது உறவுகளின் மேல். 2011 பிப்ரவரியில் பழையபடி திருப்பிக் கொடுத்தார்கள். 2012 நவம்பரில் சண்டை முறையையே மாற்றி மறுபடி கூட்டத்தை இழந்தார்கள். அதன்பின் 2007 ஆகஸ்ட் மாத பேக்கப் ஒன்றை எடுத்து, ஆட்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, சுமார் நாலரை லட்சம் வாக்கு விழுந்ததும் 2013 பிப்ரவரியில் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று திறந்தார்கள். புது அம்சம் எதுவானாலும் நூற்றுக்கு 75 பேர் ஆம் என்றால்தான் உள்ளே வரும் என்று விதி. பிறகு அது 70 ஆனது. இன்று தொடர்ந்து மாறிவந்த ரூன்ஸ்கேப்பைவிட அந்தப் பழையதில்தான் கூட்டம் அதிகம்.

வரிசைக் கணக்குக்கே திரும்பினால், அதிலிருந்து முழுதாகத் தப்பிக்கும் ஒரு பழைய வழி உண்டு. பிரௌசிங் சென்டரில் கவுன்டர் ஸ்டிரைக் 1.6 ஆடியவர்களுக்கு அது தெரியும்: சர்வர் பட்டியல். 32 இடம் உள்ள அறையில் 7 பேர் இருந்தாலும் ஆட்டம் நடக்கும். எட்டாவது ஆள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். தினம் ஒரே அறைக்கு வருவதால் பெயர்கள் பழகிவிடும், மரியாதை இல்லாதவனை அட்மின் வெளியே போடுவார். பத்துப் பேர் சரியாகச் சேர்ந்தால்தான் கதவு திறக்கும் முறையில், ஒன்பது பேர் இருந்தாலும் அது பூஜ்யத்துக்குச் சமம். புது கேம் எழுதும் சிறிய குழுக்கள் முதல் நாளிலேயே மேட்ச்மேக்கிங்கை மட்டும் நம்பி இறங்குவது வருத்தமாக இருக்கிறது. ஒரு கோடு (குறியீட்டுச் சொல்) கொடுத்து நண்பர்களை அழைக்கும் தனி லாபி, ஆட்களே நடத்தக்கூடிய சர்வர் இரண்டும் இருந்தால் 200 பேரோடு பல வருடம் ஓடலாம். 2018-இல் வந்த அமங் அஸ் யாரும் கவனிக்காமல் இரண்டு வருடம் தாக்குப்பிடித்து 2020-இல் உலகமே ஆடும் நிலைக்கு வந்ததற்கு, ஒரு கோடு போதும் என்ற அந்த லாபியும் ஒரு காரணம்.

நாக்கவுட் சிட்டி என்ற கேம் 2023 ஜூனில் சர்வரை நிறுத்தியபோது, ஆட்களே சொந்தமாக நடத்தக்கூடிய ஒரு சர்வர் பதிப்பைக் கணினிக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற கேமுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 2012 நவம்பர் 30 அன்று அணைத்தார்கள். ஆனால் அதை ஆடியவர்களில் சிலர் ரகசியமாக ஒரு சர்வரைப் பல வருடம் ஓட்டியது 2019-இல் வெளியே தெரிந்தது. நிரல் வெளியானதும் ஹோம்கமிங் என்ற தன்னார்வக் குழு பொதுவில் சர்வர் திறந்தது, செலவுக்கு ஆடுபவர்களே நன்கொடை போட்டார்கள். 2024 ஜனவரியில் கேமின் உரிமையாளரான என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறைப்படி உரிமம் கொடுத்தது.