சாம் லாங்ஃபோர்டைப் படிக்கும் நாட்கள்

பிப்ரவரி 3

குத்துச்சண்டையில் முதல் கறுப்பின ஹெவிவெயிட் (உச்ச எடைப் பிரிவு) உலகச் சாம்பியனான ஜாக் ஜான்சனைப் பற்றிப் படிக்க உட்கார்ந்து, அவர் காலத்துக் குத்துச்சண்டை வீரர் சாம் லாங்ஃபோர்டிடம் வந்து நின்றிருக்கிறேன். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, சிறுவயதிலேயே பாஸ்டனுக்கு ஓடிவந்த கறுப்பினத்தவர். உயரம் 5 அடி 7 அங்குலம்தான். 1903இல் லைட்வெயிட் (குறைந்த எடைப் பிரிவு) சாம்பியன் ஜோ கான்ஸையே வென்றார். எடை வரம்பைத் தாண்டியிருந்ததால் பட்டம் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 5

1906 ஏப்ரலில், பாஸ்டனுக்கு அருகிலுள்ள செல்சியில் ஜான்சனோடு 15 சுற்று. லாங்ஃபோர்டு 156 பவுண்டு, ஜான்சன் 185. ஜான்சன் நன்றாகவே அடித்து வென்றார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு லாங்ஃபோர்டு உடம்பேறி, உண்மையான ஹெவிவெயிட்டாக வளர்ந்தார். மறுபடி மோத எத்தனையோ முறை கேட்டும் ஜான்சன் இணங்கவில்லை.

இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெள்ளைச் சாம்பியன்கள் ஒதுக்கியதால், அன்றைய சாம்பியன் டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டு சிட்னி வரை போய் 1908இல் பட்டம் பறித்தவர் ஜான்சன். 1910இல் ரெனோவில் முன்னாள் வெள்ளைச் சாம்பியன் ஜெஃப்ரீஸை அவர் வீழ்த்தியதற்காக அமெரிக்க நகரங்களில் கறுப்பர்களை அடித்துக் கொன்றார்கள். அந்த வலி தெரிந்தவர், கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டார். கறுப்பர் இருவர் மோதினால் வசூல் வராது என்பது அன்றைய கணக்கு. 1913இல் பாரிஸில் ஜிம் ஜான்சன் என்ற இன்னொரு கறுப்பின வீரருக்கு மட்டும் வாய்ப்புத் தந்தார். அவர் லாங்ஃபோர்டின் தரத்தில் இருந்தவர் அல்லர். ஜான்சனை நான் இன்னும் மதிக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 8

பட்டத்துக்கு வழியில்லாதவர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதியிருக்கிறார்கள்: லாங்ஃபோர்டு, ஜோ ஜெனெட், சாம் மெக்வே, ஹாரி வில்ஸ். 1909இல் பாரிஸில் ஜெனெட்டும் மெக்வேயும் 49 சுற்று! வில்ஸோடு மட்டும் லாங்ஃபோர்டு 15 முறைக்கு மேல் மோதினார். தன்னைவிட நெடிய அந்த ஆளை இரண்டு முறை நாக் அவுட்டும் செய்தார்.

1917இல் ஃப்ரெட் ஃபுல்டனுடன் நடந்த சண்டையில் ஒரு கண் போயிற்று. அதற்குப் பிறகும் பல வருடம் ஆடினார், பிழைப்புக்காக. எதிராளி மங்கலாகத் தெரிய, நெருங்கிப் பிடித்து அடிப்பாராம். இந்தப் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

பிப்ரவரி 9

1944இல் பத்திரிகையாளர் ஆல் லேனி, நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு வாடகை அறையில் அவரைக் கண்டுபிடித்தார். முழுப் பார்வையும் போய், கையில் காசில்லாமல் இருந்தார். கட்டுரையைப் படித்தவர்கள் பணம் அனுப்ப, கடைசிக்காலச் செலவுக்கு ஒரு நிதி உருவானது. 1956 ஜனவரியில், பாஸ்டனுக்கு அருகிலுள்ள கேம்பிரிட்ஜில் இறந்தார்.

அடுத்து ஹாரி வில்ஸைப் படிக்கப்போகிறேன். வெள்ளையரான டெம்ப்சி ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த 7 வருடத்தில் வில்ஸுக்கும் பட்டச் சண்டை கிடைக்கவில்லை.